எனக்குப் பதிலாக

ஜனவரி 6

இன்றைக்கும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பால்காரர், எதிர்வீட்டு மல்லிகா அக்கா, ரேஷன் கடை வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண். "இன்னும் போகலியாம்மா நீ?" நான் வேண்டுமென்றே பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு நிற்கிறேன் என்பது போல.

கல்யாணமாகி இரண்டரை மாதம் ஆகிறது. இவரோடு சேர்ந்து இருந்தது விசாகப்பட்டினத்துக் கடற்படைக் குடியிருப்பில் மூன்றே வாரம். டிசம்பர் தொடக்கத்தில் இவரை இரண்டு வருட டெபுடேஷனில் மொரீஷியஸுக்கு அனுப்பினார்கள். அங்கே குடும்பத்துக்கு வீடு ஒதுக்கி, அனுமதி வந்ததும் நான் கிளம்ப வேண்டும். "ஒரு மாசம். மிஞ்சிப் போனா ஒன்றரை மாசம்" என்று சொல்லி, கே.வி.குப்பத்தில் தன் அப்பா அம்மா வீட்டில் என்னைக் கொண்டுவந்து விட்டார். அந்தச் சொல்லை நம்பி, வேலூரில் நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டேன்.

இரண்டு சூட்கேஸ் கட்டிலுக்கடியில் தயாராக இருக்கின்றன. இன்று மாலை பார்த்தால் பெரியதைத் திறந்து, புதுப் படுக்கை விரிப்புகளில் இரண்டை எடுத்து மாமாவின் கட்டிலில் விரித்திருக்கிறார் அத்தை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பார்ப்பதைக் கண்டு, "உங்க மாமாவுக்குத்தானே. நீ போறச்சொல்ல தோச்சிக் குடுத்துடறேன்" என்றார்.

சூட்கேஸைப் பூட்டி, சாவியை என் சங்கிலியில் கோத்துக்கொண்டேன்.

ஜனவரி 10

மாமா முனிரத்தினம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். போன ஜூனில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. முழுதாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, "பேமானி" என்ற ஒரு சொல் மட்டும் பளிச்சென்று வருகிறது. தண்ணீர் வேண்டுமென்றாலும் பேமானி, விசிறி வேண்டுமென்றாலும் பேமானி, நான் அவர் தோளை நீட்டி மடக்கும்போது வலித்தாலும் பேமானி. இப்படி மூளையில் அடிபட்டவர்களுக்கு வசவு மட்டும் மிஞ்சுவது உண்டு என்று அத்தைக்கு விளக்கினேன். "அவருக்கு எப்பவுமே அதானே வாய்ல இருக்கும்" என்றார்.

நான் பிசியோதெரபிஸ்ட். பெண் பார்க்க வந்தபோது சமைக்கத் தெரியுமா, நகை எவ்வளவு என்றெல்லாம் அத்தை கேட்கவில்லை. "பக்கவாதக்காரங்களுக்கும் நீயே செய்வியாம்மா?" என்று அதை மட்டும் கேட்டார். படிப்பை மதிக்கிற குடும்பம் என்று அம்மா பூரித்துப் போனாள். நானும்தான்.

காலையில் மாமாவைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, பிறகு பயிற்சி. பயிற்சி மட்டும்தான் என் வேலை, மற்றதெல்லாம் ஆஸ்பத்திரியில் உதவியாளர்கள் செய்வது. அத்தைக்கு முட்டிவலி. போகும்வரைதானே என்று செய்கிறேன்.

ஜனவரி 14, பொங்கல்

இவர் கூப்பிட்டார். பானை பொங்குவதை வீடியோவில் காட்டினேன்.

"வீடு இன்னும் ரெடியாகல வினோ. பெயின்ட் அடிச்சிட்டிருக்காங்க."

"எத்தனை நாளா அடிப்பாங்க? அரண்மனையா அது?"

"கவர்மென்ட் வேலைன்னா அப்படித்தான். கொஞ்சம் பொறு."

பின்னால் குக்கர் விசில் கேட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்றேன். மெஸ்ஸில் என்றார். அங்கே மெஸ்ஸிலும் குக்கரில்தான் சமைக்கிறார்கள் போலிருக்கிறது.

எனக்கு இவர் மேல் வருத்தமில்லை. பாவம், தனியாளாக அங்கே கிடக்கிறார். அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மேல்தான் ஆத்திரமாக வருகிறது. ஆணை மட்டும் ஒரே நாளில் அனுப்பத் தெரிகிறது. அவன் பெண்டாட்டி எங்கே இருப்பாள், எத்தனை பேருக்குப் பதில் சொல்வாள் என்று ஒருத்தருக்காவது தோன்றுமா? அவர்கள் கணக்கில் நான் பீரோ கட்டில் மாதிரி, பின்னால் வந்து சேர வேண்டிய சாமான்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். மல்லிகா அக்கா வீட்டு மாட்டுக்குக்கூட இன்றைக்குக் கொம்பில் புதுப் பெயின்ட் அடித்தாகிவிட்டது.

ஜனவரி 27

கூட வேலை பார்த்த ரெஜினா பேசினாள். என் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம். கல்லூரி முடித்துப் புதிதாக வந்த பையனாம், நோயாளிகளைக் கண்டாலே பயப்படுகிறானாம். "நீ எப்படியும் கடலைப் பார்த்துக்கிட்டு உட்காரப் போறே, உனக்கென்னடி" என்றாள். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டு, மாமாவின் துணிகளைக் கல்லில் அடித்துத் துவைத்தேன். மெஷின் இருக்கிறது. அடிக்க வேண்டும் போல இருந்தது.

பிப்ரவரி 4

இது அநியாயம்.

விசாகப்பட்டினத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர் எஸ்தர் அக்கா. நாகர்கோவில்காரர். அவர் கணவரும் இவர் பிரிவில்தான், இவருக்கு ஒரு மாதம் பின்னால் மொரீஷியஸ் போனவர். இன்றைக்கு அக்கா கூப்பிட்டு, வருகிற வாரம் தனக்கும் பிள்ளைகளுக்கும் டிக்கெட் வந்துவிட்டது என்கிறார். "அங்க வச்சுப் பாப்போம் பிள்ள" என்று சந்தோஷமாகச் சொன்னார். பின்னால் போனவர் குடும்பம் முன்னால் போகிறது. என் வீட்டுக்கு மட்டும் பெயின்ட் காயவில்லை.

உடனே இவரைக் கூப்பிட்டேன்.

"அவங்களுக்குப் பசங்க இருக்காங்க, ஸ்கூல் இருக்கு. அதான் முதல்ல குடுத்திருக்காங்க."

"அப்ப புள்ள பெத்துக்கிட்டுத்தான் வரணுமா? அதுக்காவது ஒரே ஊர்ல இருக்கணும் இல்ல?"

இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் வேணா அந்த ஆபீசருக்குப் போன் பண்ணிக் கேக்கட்டுமா?" என்றேன். சிரிப்பு நின்றது. "அதெல்லாம் பண்ணிடாத. ரொம்பத் தப்பாயிடும். என் பேர் கெடும்."

சரிதான். வேலையில் இருப்பவரின் சங்கடம் வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாது.

பிப்ரவரி 12

இவருடைய அண்ணன் தயாளன் பெங்களூரிலிருந்து வந்தார். ஒரு கிலோ ஆப்பிள் வாங்கி வந்தார், அரை மணி நேரம் இருந்தார். அப்பாவின் கட்டிலருகே நின்று, "நல்லா பாத்துக்கறே வினோதினி. உன் கை பட்டதும் முகமே தெளிஞ்சிருக்கு" என்றார். அவருக்கும் கைகள் இருக்கின்றன. அவற்றைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

அவர் போன பிறகு அத்தை வாசலில் மல்லிகா அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது. "இவரு எழுந்து நடக்கற வரைக்கும் அவ எங்க போகப் போறா?" எவ்வளவு துணிச்சல். இப்படிச் சொல்லிச் சொல்லியே நடத்திவிடலாம் என்று நினைக்கிறார். அனுமதி வந்த மறுநாள் காட்பாடியில் ரயில் ஏறுவேன். அப்போது தெரியும்.

பிப்ரவரி 19

மாமா நின்றார்.

இடுப்பில் அகலப் பட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இடது கையில் மூன்று கால் குச்சியைக் கொடுத்து எழுப்பினேன். வலது முட்டி மடங்காமல் என் முட்டியால் முட்டுக் கொடுத்தேன். நின்றார். பிறகு இடது காலை எடுத்து வைத்தார், வலது காலை இழுத்து வைத்தார். கட்டிலிலிருந்து சன்னல்வரை போனார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். எட்டு மாதமாகப் பார்க்காத தெரு. அத்தை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். என் தொழிலில் இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

இவருக்கு வீடியோவில் காட்டினோம். "இன்னும் ஒரு வருஷத்துல ஓடுவே பாரு நைனா. வினோ ஓட வெச்சிடுவா" என்றார் அப்பாவிடம்.

ஒரு வருஷம் என்று ஏதோ பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார்.

பிப்ரவரி 24

ஒரு வார்த்தை விடாமல் எழுதிவிடுகிறேன்.

மதியம் எஸ்தர் அக்கா மொரீஷியஸிலிருந்து பேசினார். வீடு, பள்ளிக்கூடம், காய்கறி எல்லாம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே பிள்ள? நீ ஏன் வரல்லன்னு சொன்ன?"

"யாரு சொன்னா?"

"இங்க எல்லாருக்கும் தெரியுமே. மாமனாருக்கு மேலுக்கு முடியாம கெடக்குது, கூட இருந்து பாக்கணும், வெளிநாடு வேண்டாம்னு நீயே சொல்லிட்டேன்னு உன் வீட்டுக்காரரு சொல்லியிருக்காரு. போன ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டம்லா, அங்க வச்சு கமாண்டர் சாரு உன்னப் பத்தி என்ன ஒரு பேச்சு பேசினாரு. இந்தக் காலத்துல இப்பிடியும் ஒரு பெண்ணான்னு. நாங்கல்லாம் கை தட்டினோம்."

"அக்கா, எங்களுக்கு வீடு...?"

"வீடா? அவரு வந்த மாசமே குடுத்தாச்சே. எங்களுக்கு நேர் மேல் மாடிதான். பால்கனியில நின்னா கடலு தெரியும்."

எந்த மாசம் என்று நான் திரும்பக் கேட்டதில் அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஐயோ பிள்ள, உனக்குத் தெரியாதா?" என்றார்.

நான் செய்யாத தியாகத்துக்கு இந்துமகாசமுத்திரத்து நடுவில் கை தட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே இருந்து அதைக் கேட்டுக்கொண்டு அவர் சாப்பிட்டிருக்கிறார்.

அந்த அலுவலகத்தையும் முகம் தெரியாத அதிகாரிகளையும் இத்தனை நாள் திட்டியது வீண். அவர்கள் வீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 25

ஜெயவேலிடம் பேசினேன். இனி இவர் என்று எழுதப் போவதில்லை. பெயர் இருக்கிறது.

"நான் வரமாட்டேன்னு எப்பங்க சொன்னேன்?"

"எஸ்தர் அக்கா சொன்னாங்களா?"

"யார் சொன்னாங்கங்கறதா இப்ப முக்கியம்?"

"வினோ, நைனாவை யாரு பாப்பாங்க சொல்லு. அம்மாவால முடியாது. அண்ணன் பாக்க மாட்டான். உன்னை மாதிரி படிச்சவ வீட்லயே இருக்கறப்ப..."

"அதுக்குத்தான் என்னைக் கட்டினீங்களா?"

"அப்படிச் சொல்லாத. ஒரு வருஷம்தான். அப்புறம் கூட்டிக்கலாம்னு இருந்தேன்."

"இதை என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லியிருப்பே."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். கேட்டால் வேறு பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆறு மாதம் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்லியிருப்பேன். இப்போது அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

"நாளைக்கே உங்க ஆபீசர்கிட்ட போய், நான் அப்படிச் சொல்லலன்னு சொல்லுங்க."

"என் மரியாதை என்னாவறது?"

போனைக் கட்டிலில் எறிந்தேன்.

பிப்ரவரி 26

அத்தையிடம் கேட்டேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன்.

"உன்கைல பேசிட்டேன், நீயும் ஒத்துக்கினேன்னு ஜெயவேலு சொன்னானேம்மா" என்றார் அத்தை. அவர் முகத்தில் இருந்த குழப்பம் பொய்யில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "பிசியோ படிச்ச பொண்ணுன்னு தெரிஞ்சுதான் உங்க வீட்டுக்கு வந்தோம். அதை நான் மறைக்கல. வீட்டோட ஒருத்தி இருந்தா அவரு எழுந்துப்பாருன்னு நெனச்சேன். இன்னா தப்பு?"

"கட்டறதுக்கு முன்னாடி அதை எங்க வீட்ல சொல்லியிருந்தா தப்பில்ல அத்தை."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டே சமையலறைக்குப் போனார். நான் நினைத்து வைத்திருந்த மற்ற எதையும் சொல்லவில்லை. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 2

குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வருவதற்கு முன் மூன்று நாள் அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தேன், முட்டிக்குச் சிரமமில்லாமல் மாமாவை எப்படிப் புரட்டுவது, பட்டியை எங்கே பிடிப்பது என்று. தயாளனுக்குப் போன் செய்து, "ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் இருக்க மாட்டேன், நீங்க ஏற்பாடு பண்ணிக்கோங்க" என்றேன். "என்னம்மா திடீர்னு" என்றார். திடீரென்று இல்லை என்றேன். மாமா மேல் எனக்குக் கோபமில்லை. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னைக் கட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. அவரிடம் சொல்லிக்கொண்டபோது இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். விடுவதற்குக் கொஞ்ச நேரமானது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அழுதேன்.

அம்மா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, சூட்கேஸ்களைத்தான் பார்த்தாள். "அக்கம்பக்கத்துல என்னன்னு சொல்றது?" என்றாள். கடற்படை எடுத்துக்கொண்டது போக மிச்சம் வந்திருக்கிறேன் என்று சொல் என்றேன்.

மார்ச் 7

ரெஜினா சொல்லித்தான் வேலூரில் என் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பையன் ஓடிவிட்டானாம். பக்கவாத வார்டில் ஆறு மாத ஒப்பந்தம், திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள். வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன்.

மார்ச் 13

ஜெயவேல் இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். குரலில் ஒரே உற்சாகம்.

"எல்லாம் சரி பண்ணிட்டேன் வினோ. ஆபீசர்கிட்ட பேசிட்டேன். இருபத்தஞ்சாம் தேதி உனக்கு டிக்கெட். இப்ப சந்தோஷமா?"

"ஆபீசர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"உன் மனசு மாறிடுச்சுன்னு சொன்னேன்."

நான் வார்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். நோயாளிகளின் வீட்டார் இருந்ததால் கத்த முடியவில்லை.

"என் மனசு எங்கேயும் மாறல. முதல்ல எனக்குப் பதிலா நீங்க வரமாட்டேன்னு சொன்னீங்க. இப்ப எனக்குப் பதிலா வர்றேன்னு சொல்லியிருக்கீங்க. யாரைக் கேட்டு டிக்கெட் போட்டீங்க?"

"நீதானே வரணும் வரணும்னு துடிச்சே?"

"நான் வேலையில சேர்ந்துட்டேன். அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. இரண்டு வாரம் பேசாமல் இருந்தவருக்கு எப்படித் தெரியும்?

"அப்ப நான் இன்னாதான் பண்ணட்டும்?" என்று கத்தினார். கோபத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"லீவு போட்டு வாங்க. உங்க அப்பாவைப் பத்து நாள் குளிப்பாட்டி, துணி மாத்தி, நடக்க வைங்க. ஆபீசர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. அப்புறம் என்கிட்ட பேசுங்க."

டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். கட்டிலில் ஒரு பாட்டா செருப்புக் கடை ஊழியர், இடது பக்கம் விழுந்தவர், எனக்காகக் காத்திருந்தார். அவர் தோளை எடுக்கும்போது என் கை வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. கோபத்தோடு நோயாளியைத் தொடக் கூடாது.

மார்ச் 23

ஜெயவேல் லீவு போட்டு வந்திருக்கிறார். வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் லீவு முடியும்வரை கே.வி.குப்பத்திலிருந்து வேலைக்குப் போய்வர ஒப்புக்கொண்டேன். அத்தை என் தட்டில் இரண்டு அப்பளம் வைத்தார். ஜெயவேலும் நானும் வானிலை பற்றிப் பேசிக்கொண்டோம்.

மார்ச் 26

காலையில் நான் கிளம்பும்போது குளியலறையிலிருந்து ஜெயவேல் கூப்பிட்டார். "வினோ, வழுக்குது, ஒரு கை குடு." மாமா நாற்காலியில் சோப்பு நுரையோடு அரைகுறையாகச் சாய்ந்திருந்தார். ஆபத்து என்பதால் போய் நிமிர்த்தி உட்கார வைத்தேன். "வலது பக்கம் நில்லுங்க. விழற பக்கத்துலதான் ஆள் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

சாயங்காலம் வந்தபோது, சட்டையெல்லாம் நனைந்து காய்ந்த கோலத்தில் அப்படியே தரையில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. பாவமாகவும் இல்லை. சரி, கொஞ்சம் இருந்தது.

ஏப்ரல் 4

இரண்டு நாளாகக் கணேசன் என்ற உதவியாளர் வருகிறார். பக்கத்து ஊர்க்காரர், ஆஸ்பத்திரியில் இருந்தவர். ஜெயவேலே தேடிப்பிடித்தது. சம்பளத்தில் பாதியைத் தயாளன் தர வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறார். சண்டை போடத் தெரிகிறது, அண்ணனிடம்.

சாயங்காலம் என்னை ஏரிக்கரைப் பக்கம் நடக்கக் கூப்பிட்டார். வழியில் சொன்னார். "கமாண்டர் சாருக்குப் போன் பண்ணேன். வினோதினி எதுவும் சொல்லல சார், நான்தான் அவகிட்ட கேக்காமலே சொல்லிட்டேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"என்கிட்ட எதுக்குய்யா சொல்றே, அவங்ககிட்ட போய்ச் சொல்லுன்னாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேலைக்கு ஆள் வெச்ச மாதிரி உன்ன வெச்சிட்டேன் வினோ. ஆளுன்னா சம்பளமாவது பேசியிருப்பேன்."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ அங்க வர்றியா?" என்று கேட்டார்.

கல்யாணமானதிலிருந்து இப்போதுதான் கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்றார். வீடு வரும்வரை மறுபடி கேட்கவில்லை.

ஏப்ரல் 9

காட்பாடி ரயில் நிலையம். ஜெயவேலை வழியனுப்ப நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன். அத்தையும் வந்திருந்தார்.

என் பதிலை நேற்றே சொல்லிவிட்டேன். அவர் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் சரி என்றார். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். பாதி இருக்கிறது. இருக்கட்டும், அதற்கும் காலம் வேண்டும்.

நடைமேடையில் கே.வி.குப்பத்து வாத்தியார் ஒருவர், ஜெயவேலுக்குப் பாடம் எடுத்தவர், பையோடு உட்கார்ந்திருந்தார். "இன்னா ஜெயவேலு, திரும்பவும் சம்சாரத்தை விட்டுட்டா போறே?"

"அவளுக்கு..." என்று தொடங்கிய அத்தையை ஜெயவேல் கையைத் தொட்டு நிறுத்தினார். "அதை அவளையே கேளுங்க சார்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். அதற்கு முன் என்னைப் பார்க்கவில்லை.

"செப்டம்பர்ல போறேன் சார். ஆஸ்பத்திரியில ஆறு மாசம் ஒத்துக்கிட்டிருக்கேன். அது முடியணும்."

"அதுவரைக்கும் தனித்தனியாவா?"

"ஆமாம் சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, அடுத்த கேள்விக்கு வழக்கம்போல ஜெயவேல் பக்கம் திரும்பினார். திரும்பியவர் ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி என் பக்கம் வந்தார். "அங்க போனா நீ என்னம்மா வேலை பாப்பே?"

அதை நானும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லி, பையை நகர்த்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரயில் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.